ஹினா படியின் 6, 7ஆம் வரிசைச் சாமான்கள்: எது என்ன, எங்கே வைப்பது, பழுது, பத்திரப்படுத்தல்

தாழ்ப்பாள் எழுதியது:

ஜப்பானில் மார்ச் 3 பெண் பிள்ளைகள் விழாவுக்கு வைக்கும் பொம்மைக் கொலு, ஏழு படி ஹினா செட் ஒன்று. பொம்மை 15ம் குறையில்லை. ஆனால் அடி வரிசைக்கான கறுப்புச் சாமான்கள் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் கொட்டிக் கிடக்கின்றன, வைப்புமுறைத் தாளும் இல்லை. கறுப்பில் தங்கக்கொடி போட்ட பெட்டிகள் ஐந்தாறு ஒன்றுபோலவே இருக்கின்றன. நீளக் கழி ஒன்று, குட்டைக் கழி ஒன்று. மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் கழன்றிருக்கிறது. மணை மாதிரி நாலுகால் வைத்த சின்னப் பொருள் ஒன்று எதோடும் சேராமல் நிற்கிறது. இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியுமா? இன்னொன்று: இடப்பக்கம் வைக்க வேண்டிய செர்ரி மரத்தை வலப்பக்கம் வைத்த படங்களே எங்கும் இருக்கின்றன. எது தப்பு?

கொலுப்படி எழுதியது:

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மேல் 5 வரிசை அரண்மனை. கீழ் 2 வரிசை கல்யாணச் சீர். எடோ காலத்து (1603–1868) ஜப்பானியப் பிரபு வீட்டுப் பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோன சாமான்களின் சின்ன வடிவம்தான் ஹினாடோகு. 6ஆவதில் வீட்டுக்குள் புழங்குபவை, 7ஆவதில் வழிப்பயணத்துக்கானவை.

இப்போது பெட்டிகள். இழுப்பறை வைத்து உயரமாக நிற்பது டன்சு, துணி அலமாரி. இழுப்பறை இல்லாமல் நீளமாக, மூடி மேல்பக்கம் திறப்பது நகமோச்சி. படுக்கை, துணிமணி போட்டு முன்னும் பின்னும் ஆள் நின்று சுமக்கும் பெட்டி அது. அதன் இரு முனையிலும் மேல்நோக்கி உலோகக் காது இருக்கும். உங்கள் நீளக் கழி அதில்தான் நுழைகிறது. கிட்டத்தட்ட சதுரமாக, சின்னதாக இருப்பது ஹசமிபாக்கோ, ஒற்றை ஆள் தோளில் வைத்துப் போவது. குட்டைக் கழி அதற்கு. இந்த இரண்டு கழியும் மாறிப்போவதுதான் பழைய செட்களில் அடிக்கடி பார்க்கிற தப்பு. குட்டைக் கழியை நகமோச்சியில் வலுக்கட்டாயமாகச் செருகினால் காது வளைந்து, ஆணி பிடுங்கிக்கொண்டு வரும்.

அடுத்த குழப்பம் கண்ணாடிப் பெட்டியும் தையல் பெட்டியும். இரண்டுக்கும் அடியில் சின்ன இழுப்பறைகள், மேலே ஏதோ ஒன்று நிற்கும். மேலே நிற்பது கவை மாதிரி பிளந்து வட்டக் கண்ணாடியைத் தாங்கினால் அது கியோடாய். ஒற்றைத் தூணாக நின்று உச்சியில் சின்ன மெத்தை இருந்தால் அது ஹரிபாக்கோ. அந்த மெத்தை ஊசி குத்தி வைக்கிற இடம். தூண் தனியாகக் கழன்று வரும் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் மெத்தைத் தூணைச் செருகி வைத்திருப்பார்கள். துளையின் அளவைப் பாருங்கள்: இறுக்கினால்தான் போகிறது என்றால் அது அந்தப் பெட்டியின் தூண் இல்லை.

ஹிபாச்சி, அதாவது கணப்பு, பெரும்பாலும் இரண்டு. ஒவ்வொன்றிலும் சாம்பலில் குத்தி வைக்க ஒரு ஜோடி உலோகக் குச்சி உண்டு. சாப்பாட்டுக் குச்சி என்று நினைத்து 4ஆம் வரிசைத் தட்டில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

கடைசியாகத் தேநீர் அடுக்கு. கீழ்ப்பலகை, மேல்பலகை, நடுவில் 4 தூண். கீழ்ப்பலகையில் உங்களுக்கு இடப்பக்கம் அடுப்பும் கெட்டிலும், வலப்பக்கம் தண்ணீர் ஜாடி, இரண்டுக்கும் நடுவே அகப்பை நிற்கும் குடுவை, அதற்கு முன்னால் கழுநீர்க் கிண்ணம். கெட்டிலை மேல்பலகையில் தூக்கி வைத்திருக்கும் படங்கள் நிறைய உண்டு. அடுப்பைப் பரணில் வைப்பது மாதிரிதான் அது.

6ஆம் வரிசையில் பழக்கத்தில் உள்ள வரிசை, பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக: டன்சு, ஹசமிபாக்கோ, நகமோச்சி, கியோடாய், ஹரிபாக்கோ, ஹிபாச்சி, தேநீர் அடுக்கு. 7ஆவதில் இடப்பக்கம் பல்லக்கு, நடுவில் ஜூபாக்கோ என்கிற அடுக்கு உணவுப்பெட்டி, வலப்பக்கம் மாட்டு வண்டி. செட்டுக்குச் செட்டு கொஞ்சம் மாறும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தென்முகம் எழுதியது:

மரக் கேள்விக்கு. தப்பு மரத்தில் இல்லை, ‘இடம்’ யாருடையது என்பதில்தான். கியோத்தோ அரண்மனையின் ஷிஷின்தென் மண்டபம் தெற்கு பார்த்தது. உள்ளே தெற்கு நோக்கி உட்கார்ந்தவரின் இடக்கை கிழக்குப் பக்கம் விழும். கிழக்கில் செர்ரி, மேற்கில் தாச்சிபானா என்கிற ஆரஞ்சு மரம். ‘இடப்பக்கச் செர்ரி’ என்ற பெயரே அவர் இடத்தைத்தான் சொல்கிறது. எதிரே நின்று பார்க்கிற நமக்கு அது வலப்பக்கம்.

4ஆம் வரிசை அமைச்சர்களுக்கும் இதே கணக்கு. இட அமைச்சர் பதவியில் மூத்தவர்: வெண்தாடி, வழக்கமாகக் கறுப்பு உடை. நமக்கு வலப்பக்கம் உட்காருவார். இளைஞர், சிவப்பு உடை, நமக்கு இடப்பக்கம். மேல் வரிசை அரசர் அரசி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். தோக்கியோ வழக்கில் அரசர் நமக்கு இடப்பக்கம், கியோத்தோவின் பழைய முறையில் வலப்பக்கம். ஆனால் மரமும் அமைச்சரும் இரண்டு முறையிலும் இடம் மாறுவதில்லை. அரசரை மாற்றி வைத்த கையோடு எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பி வைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தாழ்ப்பாள் எழுதியது:

கழி இரண்டும் சரியாகப் பொருந்திவிட்டன, நன்றி. மேல் வரிசைகளின் கைச்சாமான்களிலும் சந்தேகம் இருக்கிறது. மூன்று சேடிகளில் யார் கையில் எது? ஐந்து வாத்தியக்காரர்களின் இரண்டு உடுக்கை வடிவ மேளமும் ஒன்றா?

கொலுப்படி எழுதியது:

ஒன்றில்லை. சின்னது கோட்சுசுமி, வலத் தோளில் ஏறும். அதைவிடப் பெரியது ஓட்சுசுமி, இடப்பக்கம் தொடையோடு. கையின் உயரத்தைப் பார்த்தாலே தெரியும்: தோளருகே வளைந்த கைக்குப் பெரிய மேளத்தைக் கொடுத்தால் முகத்தை மறைக்கும். நமக்கு வலமிருந்து இடமாக: விசிறியோடு பாடகர், குழல், தோள் மேளம், தொடை மேளம், குச்சியால் அடிக்கும் தைக்கோ. வாயில் தொடங்கி, சத்தம் ஏற ஏற இடப்பக்கம் போகிறது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

சேடிகளில் நடுவில் இருப்பவர், பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர், சான்போ என்கிற பீடத்தட்டை ஏந்துவார். புருவம் மழித்து, பல் கறுத்திருந்தால் அவரேதான். மணமான பெண்ணின் அடையாளம் அது. நீளக் கைப்பிடி வைத்த மதுக்கரண்டி நமக்கு வலப்பக்கச் சேடிக்கு, இரு கையாலும் பிடிப்பார். கெட்டில் மாதிரிப் பிடி வைத்தது இடப்பக்கத்தவருக்கு, ஒரு கையில். இவர்களுக்கு நடுவே வட்டப் பீடம் இரண்டு, மோச்சி என்கிற அரிசிப் பலகாரத்தின் சிவப்பு வெள்ளை உருண்டைகளோடு.

5ஆம் வரிசையின் மூன்று வேலையாட்கள் தோக்கியோ செட்டில் தொப்பிக் கழி, செருப்புப் பீடம், குடைக் கழி ஏந்துவார்கள். முகம் முறையே கோபம், அழுகை, சிரிப்பு. கையில் சருகு வாரும் முள்வாரி, குப்பை முறம், துடைப்பம் இருந்தால் உங்களுடையது கியோத்தோ வழக்குச் செட். வேலையாட்கள் ஊர்வலத்துக்கும் கிளம்புவார்கள், முற்றமும் பெருக்குவார்கள்.

தென்முகம் எழுதியது:

சான்போவைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் அடிப்பீடத்தில் 3 பக்கம் துளை இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. துளையில்லாத பக்கம் யாருக்குப் படைக்கிறோமோ அவரைப் பார்க்க வேண்டும். மேல்தட்டின் விளிம்பு கூடும் தையல் அதற்கு எதிர்ப்பக்கம், படைப்பவர் பக்கம் வரும். ஷின்தோ கோயில் படையலிலும் இதே முறைதான். அரசர் அரசி நடுவில் வைக்கும் சான்போவைப் பெரும்பாலோர் துளையில்லாத ‘அழகான’ முகம் நம்மைப் பார்க்கிற மாதிரி வைத்துவிடுகிறார்கள்.

ஹிஷிமோச்சி, அந்தச் சாய்சதுரப் பலகாரம், அடியில் பச்சை, நடுவில் வெள்ளை, மேலே இளஞ்சிவப்பு. பிளாஸ்டிக் ஆனதால் தலைகீழாகவும் உட்காரும். பார்த்து வையுங்கள்.

அரக்குவேலை எழுதியது:

யாரும் கேட்காத கேள்வி, ஆனால் பழுதுக்கு முன் கேட்டே ஆக வேண்டியது: உங்கள் சாமான் மரமா, பிளாஸ்டிக்கா? மேல் பூச்சு உருஷி என்கிற மரப்பால் அரக்கா, வேறா? பசை, துடைப்பு, பூச்சி மருந்து மூன்றும் இதைப் பொறுத்துத்தான்.

அடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே குடைவாக இருந்து, அச்சில் ஊற்றிய இடத்தில் மொட்டு வெட்டிய தழும்பு தெரிந்தால் பிளாஸ்டிக். ஷோவா காலத்தின் (1926–1989) பிற்பகுதியில் பெருமளவில் வந்த செட்கள் பலவும் இப்படித்தான். மரமானால் மூலைகளில் பலகை கூடும் இடம் பூச்சுக்கு அடியில் மெல்லிய கோடாக எழுந்து தெரியும். இழுப்பறையை உருவினால் உள்பக்கம் பூச்சில்லாத மரம் இருக்கும்.

பிறகு தங்கக் கொடியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சடித்த தங்கம் ஒரே சீராக, தட்டையாகப் பளபளக்கும். மாக்கியே என்றால் அரக்கால் கோடு வரைந்து, அது காயும் முன் தங்கத்தூள் தூவிய வேலை. கோடு மயிரளவு எழும்பி நிற்கும். உருப்பெருக்கியில் தூள் தூளாகத் தெரியும், இலை நரம்பின் தொடக்கத்தில் தடித்து நுனியில் கரையும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது, நகப்பூச்சு நீக்கியால் தேய்த்துப் பார்ப்பது இரண்டும் கூடாது. சோதனை முடியும்போது பொருளும் முடிந்திருக்கும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு: மரத்தில் காஷ்யூ பூச்சு. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலிருந்து ஜப்பானில் தயாராகும் செயற்கை அரக்கு அது. உருஷி மரம், முந்திரி, மா, நம் சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் ஏன் புண்ணாகிறதோ, பச்சை உருஷி பட்டாலும் அதனால்தான் அரிக்கிறது. நன்றாகக் காய்ந்து இறுகிய பழைய சாமான்களில் அந்தப் பயம் இல்லை.

பழையபெட்டி எழுதியது:

சக்கரத்துக்கு சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் முடிந்தது. இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

அரக்குவேலை எழுதியது:

முடிந்துதான் போகும். அந்தப் பசை காயும்போது வரும் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். கறுப்புப் பளபளப்பில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். உதிரும் தங்க அச்சைத் துடைக்காமல் அந்தப் படிவை எடுக்கவும் முடியாது. அதோடு மொறுமொறுவென்று காய்வதால் அச்சில் மறுபடி திருகல் வந்தால் அதே இடத்தில் விடும்.

பிளாஸ்டிக் வண்டிக்கு: சக்கரம் ஏன் கழன்றது என்று முதலில் பாருங்கள். அநேகமாக அச்சின் முனை, சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒடிந்திருக்கும். ஒடிந்த இரண்டு முகத்தையும் ஒட்டினால் போதாது, நடுவே கம்பி வேண்டும். கைத்துரப்பணத்தில் 0.8 மி.மீ. துளை, அச்சில் 5 மி.மீ. ஆழம், சக்கரத்தின் குடத்தில் 3 மி.மீ. அதே பருமனுள்ள பித்தளைக் கம்பியை 8 மி.மீ.க்கு மயிரிழை குறைவாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் முட்டாது. பசை இல்லாமல் முதலில் பொருத்தி, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகளுக்கான சிமெண்ட், குண்டூசி முனையளவு. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது, அதனால் வழிந்தால் பளபளப்பும் கரையும். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள்.

மர வண்டியானால் அதே கம்பி வேலை, ஆனால் பசை வஜ்ஜிரம். வெந்நீர்ப் பதத்தில் கரைத்துத் தடவினால் பிற்காலத்தில் ஈரமும் சூடும் காட்டி மறுபடி பிரிக்கலாம். அசல் உருஷி மேல் மாக்கியே உதிர்கிறதென்றால் வீட்டில் கை வைக்காதீர்கள், அது பழுதுபார்ப்பவர் வேலை. மூலையில் கறுப்பு உதிர்ந்த காஷ்யூ சாமானுக்கு மட்டும் காஷ்யூ பூச்சை மெலிதாக இரண்டு மூன்று தடவை, நடுநடுவே 1000ஆம் எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பூசலாம். கையுறை போடுங்கள். உருஷிக்கு வேண்டிய 70 முதல் 85 சத ஈரப்பத அறை இதற்குத் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே காயும்.

தாழ்ப்பாள் எழுதியது:

அடியில் குடைவு, மொட்டுத் தழும்பு. பிளாஸ்டிக்தான். ஆனால் பெட்டி மூலைக் காப்புகள் பித்தளை மாதிரி இருக்கின்றன. மார்ச் 3 முடிந்து எடுத்து வைக்கும்போது பாச்சை உருண்டை போடலாமா?

பழையபெட்டி எழுதியது:

கற்பூரமும் பாச்சை உருண்டையும் கலந்து போட்டால் ஒரு பூச்சி அண்டாது.

அரக்குவேலை எழுதியது:

இதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கற்பூரம், நாப்தலீன், பாராடைகுளோரோபென்சீன் மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் உருகுநிலை இறங்கி, சாதாரண அறைச் சூட்டிலேயே எண்ணெயாக ஒழுகும். பட்டில் விழுந்த கறை போகாது. பாராடைகுளோரோபென்சீன் தனியாகவே ஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும்: மறு வருஷம் திறந்தால் பெட்டியின் மூடி சுற்றின தாளோடு ஒட்டிக்கொண்டு வரும். சரி, மணமில்லாத பைரெத்ராய்டு வகை போடலாம் என்றால் அதன் உறையிலேயே பித்தளை, செம்புப் பொருளுக்கு ஆகாது என்று போட்டிருக்கும், நிறம் மாறும்.

விடை எளிது. சாமான்களுக்குப் பூச்சி மருந்தே வேண்டாம். பூச்சி தின்பது பட்டுத் துணியையும் கம்பளியையும். அது பொம்மைப் பெட்டிக்கும் சிவப்பு விரிப்புக்கும் மட்டும், அதுவும் ஒரே வகை. சாமான்கள் தனி அட்டைப்பெட்டியில். சிலிக்கா ஜெல்லையும் அள்ளிக் கொட்டாதீர்கள். மரச் சாமானானால் அளவுக்கு மீறி வறண்டு மூட்டு திறக்கும். பொம்மையின் சிப்பிச்சுண்ண முகமும் வெடிக்கும்.

கொலுப்படி எழுதியது:

எடுத்து வைக்கும் நாளைப் பற்றி. மார்ச் 3க்குப் பின் தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்ற பேச்சால் 4ஆம் தேதி மழையிலும் மூட்டை கட்டுகிறார்கள். காய்ந்த, தெளிந்த நாளுக்குக் காத்திருங்கள். உள்ளே போகிற ஈரம்தான் பூஞ்சணம்.

இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டி, பருத்திக் கையுறையோடு ஒவ்வொன்றாக மெல்லிய தாளில் சுற்றுங்கள். செய்தித்தாள் மை ஒட்டும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது: அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும், வெயிலில் இளகி ஒட்டவும் செய்யும். கழிகளை உருவி, அந்தந்தப் பெட்டியோடு ஒரே தாளில். பல்லக்கு, நகமோச்சிக் குஞ்சங்களுக்குத் தாளைச் சுருட்டிக் குழல் மாதிரி மாட்டிவிட்டால் அடுத்த வருஷம் சீவ வேண்டியதில்லை. ஏற்கெனவே கலைந்திருந்தால் கெட்டில் ஆவியில் ஒரு நொடி காட்டி, நுண்சீப்பால் கீழ்நோக்கி. ஆவி பொம்மை முகத்தின் பக்கம் போகக் கூடாது. மூடும் முன் ஒவ்வொரு வரிசையையும் நேரெதிரே நின்று படமெடுத்து, அச்சடித்துப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். உங்கள் பெட்டியில் காணாமல் போனது அந்தத் தாள்தானே.

வைக்கும்போது ஒன்று. படிச்சட்டத்தில் மேலிருந்து தொடங்குங்கள். கீழே வண்டி நின்றால் அதற்கு மேலாக எட்டி அரசரை வைப்பது ஆபத்து. விரிப்பு ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் சரியாக மடிந்து படிய வேண்டும், தொங்கினால் அடுத்த படியின் பொருள் சாயும். 7ஆம் வரிசையில் விரிப்புக்கு அடியில் மெல்லிய பலகை போடுங்கள். மெத்தென்ற துணியில் சக்கரம் புதைந்து, நகர்த்தும்போது அச்சு திருகுகிறது. உங்கள் வண்டி ஒடிந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். போன்போரி விளக்கு பழையதென்றால் ஜப்பானிய 100 வோல்ட். 230 வோல்ட் ஊரில் நேராகச் செருகாதீர்கள்.

தென்முகம் எழுதியது:

பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் பலர் முகம் சுருங்குகிறது. வடிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மரியாதை வரும். 1639இல் ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தோகுகாவா இயேமிட்சுவின் மகள் சியோஹிமே ஓவாரிப் பிரபு வீட்டுக்கு மணமாகிப் போனபோது கொண்டுபோன ‘ஹட்சுனே’ அரக்குச் சீர் இன்றும் நகோயாவின் தோகுகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது முழு அளவுச் சாமான். பிற்காலத்தில் கோனோயே வீட்டிலிருந்து ஓவாரிக்கு வந்த மணப்பெண்ணின் ஹினா சாமான்களும் அங்கேயே உண்டு: கிளைச் சாமந்தி மாக்கியே. முழு அளவுச் சீரில் என்னென்ன உண்டோ அவையெல்லாம் குட்டியாக. நம் ஏழு படிச் செட்டில் விட்டுப்போனவையும் அதில் பார்க்கலாம்: மூன்று வகை அடுக்குத் தட்டு, பல் கறுக்கும் பாத்திரங்கள், எண்கோணச் சிப்பிப் பெட்டி ஜோடி. சிப்பிப் பெட்டிதான் கல்யாண ஊர்வலத்தில் முதலில் போகும். ஒரு சிப்பியின் இரண்டு ஓடு தங்களுக்குள் மட்டுமே பொருந்தும் என்பதுதான் காரணம்.

1721இல் ஷோகன் ஆட்சி பொம்மை உயரத்துக்கு 8 சுன், சுமார் 24 செ.மீ., என்று வரம்பு போட்டது. ஆடம்பரத்தை அடக்கப் போட்ட கட்டு. எடோக்காரர்கள் (எடோ இன்றைய தோக்கியோ) ஆடம்பரத்தைச் சின்னதில் ஒளித்தார்கள்: கசகசா பேரில் ‘கேஷி’ என்று அழைக்கப்பட்ட நுண்சாமான்கள். உவேனோ குளக்கரையில் நானாசவாயா என்ற கடை அதற்குப் பேர்போனது. கியோத்தோ, ஒசாகா அடங்கிய கன்சாய் பக்கம் ருசியே வேறு. அங்கே சீர் வரிசையோடு சமையலறைச் சாமான்களையும் வைப்பார்கள்: அடுப்பு, கிணறு, பானை சட்டி. பெண் பிள்ளைக்குச் சொப்பு வாங்கித் தருகிற நமக்கு அது சட்டென்று பிடிபடும்.

இன்றும் மரத்தில் செய்வது ஷிசுவோகாவில். சுருகா ஹினாகு என்ற பெயரில் 1994இல் மரபுக் கைவினையாக அறிவிக்கப்பட்டது. பெட்டி கூட்டுபவர், கடைசல்காரர், அரக்கு பூசுபவர், மாக்கியேகாரர், உலோகக் காப்பு வெட்டுபவர் என்று ஒரு டன்சுவுக்கே பல கை.

தாழ்ப்பாள் எழுதியது:

சக்கரம் நின்றுவிட்டது, கண்ணாடி மேல் இரண்டும் தொடுகின்றன. எல்லாம் வைத்தாகிவிட்டது. அந்த நாலுகால் மணை மட்டும் இன்னும் கையில். உயரம் 2 செ.மீ. இருக்கும், மேல்பலகை தட்டை. தேநீர் அடுக்கில் சேரவில்லை, பீடத்தட்டும் இல்லை.

தென்முகம் எழுதியது:

வண்டியின் நுகத்தண்டு முனையைத் தூக்கி, அதன் அடியில் வைத்துப் பாருங்கள். உயரம் சரியாக இருந்தால் அது ஷிஜி. மாட்டை அவிழ்த்த பிறகு ஏர்க்கால் தரையில் விழாமல் தாங்குகிற மணை. பெரிய வண்டியில் பின்பக்கம் ஏறி, மாட்டை அவிழ்த்தபின் முன்பக்கம் இறங்குவார்கள். அப்போது கால் வைக்கும் படியும் அதுதான்.

தாழ்ப்பாள் எழுதியது:

சரியாக உட்காருகிறது. ஆனால் இந்தச் செட்டில் மாடு இருக்கிறதே, பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

தென்முகம் எழுதியது:

பூட்டியிருந்தால் மணைக்கு வேலையில்லை, சக்கரத்தின் பக்கத்தில் வையுங்கள். மாட்டை அவிழ்த்து ஓரமாக நிறுத்துவதானால் மணை ஏர்க்காலுக்கு அடியில். இரண்டாவதுதான் உங்கள் வண்டிக்கு நல்லது, ஒட்டிய அச்சில் இழுப்பு விழாது.